வாசலில் தொடங்கிய தரை

“உன்னைத் தேடி யாருமே வரமாட்டாங்களாம்மா?” என்று குடிவந்த புதிதில் வீட்டுக்காரம்மா அவளிடம் கேட்டாள். அவள் சிரித்து மழுப்பிவிட்டாள்.

இன்று கூடத்துக்குப் புதுத் தரை போட ஒரு கொத்தனார் வந்திருந்தார். கான்கிரீட் சற்று இறுகியதும் குத்தவைத்து உட்கார்ந்து, கரண்டியால் வழித்து வழித்துத் தேய்த்தார். சமையலறையில் நின்றபடி அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தரை கண்ணாடி மாதிரி வழுவழுத்தது.

சாயங்காலம் வாசலில் வந்து நின்ற வீட்டுக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஏன் மேஸ்திரி, உள்ளேயிருந்து தேய்ச்சுக்கிட்டே வாசலுக்கு வரணும்னு எனக்கே தெரியும். நீங்க வாசல்ல ஆரம்பிச்சு சமையக்கட்டுல போய் மாட்டிக்கிட்டீங்களே. பின்வாசலும் கிடையாது. பறந்தா வருவீங்க?”

“விடிஞ்சாதாம்மா மிதிக்க முடியும்.”

“நல்லாயிருக்கு நியாயம். பொம்பளை தனியா இருக்கற வீடு. பலகை போடறேன், ஏறி வாங்க.”

“பலகை வேணாங்க்கா, தடம் விழுந்துடும்,” என்றாள் அவள் உள்ளேயிருந்து.

“விழட்டுமே. ராத்திரி பூரா ஒரு அந்நிய ஆம்பளையோட இருக்கப் போறியா?”

“அந்நியர் இல்லக்கா, என் புருஷன்தான். நான் சண்டை போட்டுட்டு வந்ததிலேருந்து இவரு இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல.” அவள் குரல் இறங்கியது. “வாசல்ல ஆரம்பிச்சப்பவே பாத்தேன். சொன்னா திருத்திக்கிட்டு வெளியே போயிடுவாருன்னு சும்மா இருந்துட்டேன்.”

கொத்தனார் குனிந்தபடி கரண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்காரம்மா தூக்கிய பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தன் வீட்டுக்கு நடந்தாள்.