இரட்டைத் தொகுதி

“மேடையில எனக்கும் ஒரு நாற்காலி போடணும்.”

கேட்டுவிட்டாள்.

எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அண்ணன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். சைக்கிளை மிதித்துக்கொண்டே, மூச்சு வாங்க. அவள் பின்னால் உட்கார்ந்துகொண்டு சரி சரி என்றாள். வாசலில் இறக்கிவிட்டு அவன் வேலைக்குப் போய்விட்டான்.

மிராசுதார் வீட்டு வராந்தாவில் கட்சிக்காரர்கள் நின்றிருந்தார்கள்.

மிராசுதார் தேர்தல் சுவரொட்டியின் மாதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவர் படம் முறம் அளவு. கீழே ஓரத்தில் அவள் படம், காலணா அகலம்.

ஒரே தொகுதி. இரண்டு எம்.எல்.ஏ. ஒரு இடம் பொது, அதற்கு அவர். இன்னொன்று தனி, தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று சட்டம் ஒதுக்கியது, அதற்கு அவள். இருவருக்கும் ஒரே கட்சி, ஒரே ஜீப்.

ஓட்டுப் போடுகிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு சீட்டு. சேரியில் இரண்டையும் ஒழுங்காகப் போடுவார்கள். ஐயாவுக்கு ஒன்று, நம்ம ஆளுக்கு ஒன்று. மேலத்தெருவில் ஐயாவுக்குப் போட்டுவிட்டு மற்றதை மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். போன தேர்தலில் பிள்ளைகள் அந்தச் சீட்டில் கப்பல் செய்து வாய்க்காலில் விட்டார்கள்.

அப்படியும் தனிக்கு நின்றவர் ஜெயித்தார். ஐந்து வருஷம் எம்.எல்.ஏ.வாக இருந்தார்.

இந்த வீட்டில் ஐந்து வருஷமும் நின்றுகொண்டே இருந்தார்.

தாலுகா செயலாளர் கோதண்டபாணிதான் முதலில் சிரித்தார். டீச்சரம்மா விளையாட்டுக்குச் சொல்லுது என்றார்.

அவள் விளையாடவில்லை. பி.ஏ. படித்தவள். அவள் தெருவில் அதுவரை யாரும் எட்டாம் வகுப்பைத் தாண்டியதில்லை. தேர்தலுக்காக வாத்தியார் வேலையை ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். திரும்பிப் போனால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். இந்த வீட்டில் வேண்டாம் என்றால் கட்சியிலும் வேண்டாம்தான்.

எல்லாம் தெரிந்துதான் கேட்டாள்.

மிராசுதார் சுவரொட்டியை மடித்தார்.

“நாற்காலிதான? மெட்ராசுல சட்டசபையில வரிசையா போட்டு வச்சிருக்கான். ஜெயிச்சுப் போயி உக்காந்துக்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. நல்ல பதில்தான்.

ஆனால் நின்ற இடத்தைவிட்டு அவள் நகரவில்லை.

அதன் பிறகுதான் அவர் இறங்கிவந்தார். கோபப்படவில்லை. தன்மையாகப் பேசினார். டவுன் கூட்டத்தில் போடச் சொல்கிறேன் என்றார். ஸ்டூலாக இருந்தால் நல்லது. ஊர்க் கூட்டங்களில் வேண்டாம், பார்க்கிறவன் ஒரு மாதிரிப் பார்ப்பான். ஜெயித்த பிறகு எல்லாம் தானாகச் சரியாகும்.

கோதண்டபாணி கண்ணைக் காட்டினார். சரியென்று சொல்லித் தொலை.

அவர் மறுத்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியும். அதை முந்தாநாளே முடிவு செய்துவிட்டாள். பயமெல்லாம் வேறு. கேட்டதை முழுசாகக் கொடுத்துவிட்டால்?

கொடுத்துவிட்டால் இந்த ஜீப்பில் ஏற வேண்டும். தன் தெருவில் போய் இறங்க வேண்டும். ஐயாவுக்கு ஒரு ஓட்டு என்று அவள் வாயால் கேட்க வேண்டும். கூடக் கூலி கேட்டதற்காக அப்பாவைக் களத்து வெயிலில் பொழுது சாயும்வரை நிற்கவைத்த ஐயாவுக்கு. அப்பாவிடமும் கேட்க வேண்டும்.

அப்பா போடுவார். அவள் கேட்டால் போடுவார்.

நல்லவேளை.

ஸ்டூல் என்றார். டவுனில் மட்டும் என்றார்.

ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனது. அவருக்கு நன்றி சொன்னால்கூடத் தப்பில்லை என்று தோன்றியது.

“வேணாங்க” என்றாள்.

மிராசுதார் அதற்குமேல் அவளைப் பார்க்கவில்லை. மாட்டுக்கொட்டகைப் பக்கம் திரும்பி ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சாணிக் கையோடு ஒருவன் ஓடிவந்தான். உனக்கு வயசு இருபத்தஞ்சு ஆச்சாடா என்று கேட்டார்.

அவ்வளவுதான். தனிக்கு ஆள் கிடைத்துவிட்டது.

அவள் படியிறங்கினாள்.

கோதண்டபாணி பின்னாலேயே வந்தார். மனுஷனுக்கு நிஜமாகவே வருத்தம். படிச்ச பொண்ணு, இப்படியா கெடுத்துக்கிறது என்றார். நாளைக்கு மனுத்தாக்கல் கடைசி. இப்போதே போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் பேசிப் பார்க்கலாம். கோபத்தில் சுயேச்சையாக நின்று தொலைக்காதே. தனிக்குக் கட்சி யாரை நிறுத்தினாலும் அவன்தான் வருவான், அந்தச் சாணிக்கையனே வருவான், நீ தோற்றுப்போவாய்.

“நான் தனிக்கு நிக்கலைங்க.”

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. வேறு ஏதாவது பள்ளிக்கூடத்தில் சொல்லி வேலை வாங்கித் தருவதாகச் சொன்னார்.

“பொதுவுக்கு நிக்கிறேன்.”

பொது இடத்துக்கு யார் வேண்டுமானாலும் நிற்கலாம். அது அவருக்கும் தெரியும். அவர் கொடுத்த சட்டப் புத்தகத்தில்தான் அவள் படித்தாள். இதுவரை சேரியிலிருந்து யாரும் அதற்கு நின்றதில்லை, அவ்வளவுதான்.

ஐயாவுக்கு விழுந்துவந்த சேரிச் சீட்டுகளை அவர் மனசுக்குள் எண்ண ஆரம்பித்திருக்க வேண்டும். திரும்பி வராந்தாவைப் பார்த்தார். யார் போய்ச் சொல்வது?

அது அவர் பாடு.

அவள் கேட்டைத் திறந்து வெளியே வந்தாள். தாலுகா ஆபீஸ் பக்கம் நடந்தாள். வெயில் ஏறுமுன் போய்விடலாம்.