வெள்ளிக்கிழமைப் பரிசோதனை

"ஜௌபர் சேர் பள்ளிவாசலுக்குக் கிளம்பிட்டாரா பாரு, தனுஜா."

விஞ்ஞான கூடத்து ஜன்னலில் நின்ற தனுஜா எட்டிப் பார்த்தாள். "கேட்டைத் தாண்டிட்டாருங்க சேர். பைக் சத்தம்கூடக் கேக்கல."

"அப்ப வாளியைத் தூக்குங்க. மண் பரிசோதனைக்கு நேரமாச்சு."

உயர்தர வகுப்புப் பிள்ளைகள் சுண்ணாம்பு வாளியோடு நடந்தார்கள். இரசாயன ஆசிரியர் விஜேந்திரன் பின்னால் போனார். பரிசோதனைக்கு அவர் தேர்ந்தெடுத்திருந்த மண், ஆசிரியர் விடுதியில் பௌதிக ஆசிரியர் ஜௌபர் வளர்க்கும் ஹைட்ரேஞ்சியாப் பூப்பாத்தி.

இருவருக்கும் பொழுதுபோக்கு ஒன்றே. வம்பும் அங்கேதான் தொடங்கியது. பதுளை மலர்க் கண்காட்சியில் மூன்று வருடமாக ஜௌபரின் நீலப் பூவுக்கே கோப்பை. அந்தக் கோப்பையில் பிஸ்கட்டைப் போட்டு, ஆசிரியர் அறையில் தேநீர் நேரத்தில் எல்லோருக்கும் நீட்டுவார் மனிதர். விஜேந்திரன் மூன்று வருடமாக பிஸ்கட் தொடவில்லை. இந்த வருடமும் தோற்றால் தேநீரையும் விட வேண்டியதுதான்.

தேயிலை மண் அமிலம் கூடிய மண். அதில் ஹைட்ரேஞ்சியா நீலமாகத்தான் பூக்கும். சுண்ணாம்பைக் கலந்து அமிலத்தை முறித்துவிட்டால், அதே செடி வெட்கப்பட்டதுபோல இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும். பௌதிகம் படித்தவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

"ஜௌபர் சேர் கோவிக்க மாட்டாரா சேர்?" என்று தனுஜா முதல் நாளே கேட்டாள்.

"பாடத்துக்குத்தானே புள்ள. முடிவு தெரிஞ்சதும் சொல்லி அவரை அசத்துவோம். அதுவரைக்கும் நீங்களா போய் வாயைத் திறக்கக்கூடாது."

அதன்பிறகு மழையில்லாத வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளைகள் மண்ணைக் கரைத்தார்கள், லிட்மஸ் தாளை நனைத்தார்கள், நிறம் பார்த்தார்கள், சுண்ணாம்பு தூவினார்கள். அந்தப் பாடத்தை அவ்வளவு ஈடுபாட்டோடு அந்தப் பாடசாலையில் யாரும் நடத்தியதில்லை என்று அதிபரே பாராட்டினார்.

கண்காட்சி நாள் வந்தது. ஜௌபரின் மேசையில் இருந்த பூங்கொத்துகள் அத்தனையும் இளஞ்சிவப்பு. விஜேந்திரன் தன் கருநீலப் பூக்களைத் தடவிக்கொடுத்துவிட்டு, துக்க வீட்டுக்குப் போகிற முகத்தோடு அவரிடம் போனார்.

"என்ன சேர், இப்படி ஆகிப்போச்சே?"

"என்ன செய்யிறது சேர், எல்லாம் அல்லாஹ்வோட நாட்டம்" என்றார் ஜௌபர் அடக்கமாக.

நடுவர்கள் வந்தார்கள். அப்புத்தளை நீலம், எல்ல நீலம், பதுளை நீலம் என்று மேசை மேசையாகக் கொட்டாவியை விழுங்கியபடி நடந்தவர்கள், ஜௌபரின் மேசையில் அப்படியே நின்றுவிட்டார்கள். இந்த மண்ணில் இந்த நிறமா என்று ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோப்பை நான்காவது தடவையாக ஜௌபரின் கைக்குப் போனது.

விஜேந்திரனை ஜௌபர் வந்து கட்டிக்கொண்டார்.

"நியாயமா இது உங்களுக்குச் சேர வேண்டிய கோப்பை சேர். பாத்தி வெள்ளையா கிடக்கேன்னு முதல் வாரமே தனுஜாவைக் கேட்டேன். கேட்டதும் புள்ள மறைக்காம முழுப் பாடத்தையும் ஒப்பிச்சிருச்சு. என்ன அருமையா சொல்லிக் குடுத்திருக்கீங்க."

விஜேந்திரன் அணைப்பிலிருந்து விலகினார். "முதல் வாரமேவா? அப்ப... ஏன் சேர் தடுக்கல?"

"தடுக்கிறதா?" ஜௌபர் குரலைத் தாழ்த்தினார். "மழையால உங்க பிள்ளைங்க வராத வெள்ளிக்கிழமையெல்லாம், தொழுதுட்டு வந்து நான்தானே சேர் சுண்ணாம்பு போட்டேன்."