நான்காண்டு அனுபவம்

"அக்கா, கையப் பாக்காதீங்க, துணியப் பாருங்க!" என்று மூன்றாவது முறையாக அதட்டினார் யெர்மெக். குல்ஷிரா மிதியை அழுத்தினாள். மெஷின் கடகடவென்று ஓடியது.

அவள் கழுத்தில் தொங்கிய அட்டையில் 'தையல் பிரிவு, நான்காண்டு அனுபவம்' என்று இருந்தது. நேற்று வரைக்கும் அவள் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி.

எங்கள் மாவட்டத்தைத் தூக்கி நிறுத்தத்தான் இந்தச் சிறப்புப் பொருளாதார மண்டலம். பத்து வருஷத்துக்கு வரி இல்லை, அனுமதிச் சீட்டு வேண்டாம், ஆய்வாளர் எவரும் வாசலை மிதிக்கக் கூடாது என்று சட்டத்தையெல்லாம் தளர்த்திப் பார்த்தார்கள். புல்வெளிக் காற்றைத் தவிர யாரும் உள்ளே நுழையவில்லை.

இன்றைக்குக் கொரியாவிலிருந்து ஒரு முதலாளி வருகிறார், கூடவே தலைநகர் அஸ்தானாவிலிருந்து அமைச்சர். காலிக் கொட்டகையைப் பார்த்தால் முதலாளி ஓடிவிடுவார் என்று, மண்டல அதிகாரி யெர்மெக் ஊரில் நாற்பது பெண்களைப் பிடித்து வந்து வாடகை மெஷின்களுக்கு முன்னால் உட்கார வைத்திருந்தார்.

"ஏன்டி, நூலே கோக்காம தைக்கிறியே, கண்டுபிடிச்சிட்டா?" என்றாள் பக்கத்து மெஷின் நுர்பிகே.

"நீ மட்டும் பெரிய தையல்காரியா? மாடு கறக்கிறவதானே. வாய மூடிட்டு மிதி."

குல்ஷிராவுக்கு இது விளையாட்டில்லை. மகன் தல்கத் ஆறு வருஷமாக மாஸ்கோவில் செங்கல் சுமக்கிறான். "ஊர்ல ஒரு வேலை இருந்தாச் சொல்லும்மா, அடுத்த ரயில்ல ஏறிடறேன்" என்று போன வாரமும் சொன்னான். அந்த முதலாளி கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்தப் பொய்க் கொட்டகை நிஜமாகிவிடும்.

கதவு திறந்தது. கோட்டு சூட்டில் முதலாளியும் அவர் ஆட்கள் நால்வரும், ஒரு மொழிபெயர்ப்பாளரும், பின்னால் அமைச்சரும் கேமராக்களும் வந்தார்கள். வரவேற்க ஓடிய யெர்மெக், பதற்றத்தில் தட்டில் வரவேற்பு ரொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். முதலாளி அதை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

ரொட்டியைக் கவிழ்த்து வைப்பது எங்கள் பக்கம் பெரிய பாவம். நம் அதிகாரிக்கே மறந்துபோன மரியாதை இந்த வெளிநாட்டுக்காரருக்குத் தெரிகிறதே என்று குல்ஷிராவுக்கு மனம் நிறைந்துவிட்டது. இவர் ஏமாற்ற மாட்டார் என்று நம்பினாள்.

முதலாளி அவள் மெஷின் அருகில் வந்து நின்றார். கொரிய மொழிபோல் ஏதோ முணுமுணுத்தார்.

"இங்க வேலை பிடிச்சிருக்கான்னு கேக்கறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

'ரொம்ப சந்தோஷம்' என்பதுதான் சொல்லிக் கொடுத்த பதில். அவளுக்கு அது வாயில் வரவில்லை.

"நாலு வருஷமெல்லாம் பொய், ஐயா" என்றாள் தாழ்ந்த குரலில். "எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா சீக்கிரம் கத்துக்குவோம். நீங்க வந்தாத்தான் என் பையன் வீட்டுக்கு வருவான்."

யெர்மெக்கின் முகம் வெளுத்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் அவசரமாக எதையோ நீட்டி முழக்கினார். முதலாளி பேனாவைத் திறந்து, ஒப்பந்தத்தை அவள் மெஷின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

கைதட்டல் கொட்டகையை அதிர வைத்தது. அமைச்சர் கேமராவைப் பார்த்து, இனி இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் எவரும் பிழைக்க வெளியூர் போக வேண்டாம் என்று முழங்கினார். குல்ஷிரா முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

எல்லோரும் அமைச்சரைச் சூழ்ந்துகொண்ட நேரத்தில் முதலாளி அவள் பக்கம் குனிந்தார். அவர் குரல் கிசுகிசுத்தது, சுத்தமான எங்கள் ஊர் மொழியில்.

"மன்னிச்சிடுங்கக்கா, எங்களையும் இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான் கூட்டிட்டு வந்திருக்காங்க."