இடப்பக்கக் குமிழ்

பிணவறை மேசையில் குப்புறக் கிடந்த அண்ணன் தணிகாசலத்தைப் போலீஸ் புகைப்படக்காரர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்டேஷனில் வழுக்கி விழுந்து செத்தான் என்று எழுதியிருந்தார்கள். முதுகில் லத்தியின் அகலத்துக்கு ஒன்பது கோடுகள் இருந்தன. கோர்ட்டில் காட்ட இந்தப் படங்களை விட்டால் வேறு எதுவும் மிஞ்சாது. மாலைக்குள் உடலை எரித்துவிடச் சொல்லியிருந்தார்கள்.

கோடுகளைப் பார்க்க முடியாமல் தங்கை பரிமளா கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் புகைப்படக்காரர் வலது கட்டைவிரலால் ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுத்தார். ஃபிலிம் உள்ளே நகர்ந்தால் இடப்பக்கக் குமிழ் கூடவே சுற்ற வேண்டும். அது அசையவில்லை. கல்லூரிச் சுற்றுலாவில் ஃபிலிமைச் சரியாக மாட்டாமல் முப்பத்தாறு படங்களையும் தொலைத்துவிட்டு, வகுப்பு முழுவதிடமும் திட்டு வாங்கியவள் அவள்.

"சார், அந்தக் குமிழ் சுத்தல. உள்ள ஃபிலிம் மாட்டலைன்னு நினைக்கிறேன்."

அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள்.

கதவருகே நின்ற இன்ஸ்பெக்டர் சிரித்தார். "யோவ் மாசிலாமணி, படிச்ச புள்ள உனக்கே பாடம் நடத்துது பாரு. சுத்துறதைக் காட்டு, திருப்தியா போகட்டும்."

மாசிலாமணி கேமராவை அவள் கண்ணுக்கு நேரே நீட்டினார். "நல்லாப் பாத்துக்கம்மா."

குமிழ் சுற்றியது. அவருடைய இடது கை விரல்கள் அதன் மேல் இருந்தன. வலது கை இன்னும் லீவரைத் தொடவே இல்லை.

"போதுமா? மூடுப்பா" என்றார் இன்ஸ்பெக்டர்.

பிணவறை ஊழியர் வெள்ளைத் துணியை இழுத்தார். துணி வரவில்லை. அதன் மறுமுனை பரிமளாவின் கையில் இருந்தது.