ஒரு அவுன்ஸ் குறைவு

"முப்பத்துமூணுதான் காட்டும், பாரு" என்றார் டோரீன், தராசின் எண்கள் ஓடி நிற்பதற்கு முன்பே.

முப்பத்துமூன்று அவுன்ஸில்தான் நின்றது. லோவெல் நோட்டில் குறித்துக்கொண்டான். பழைய ஆட்டக்காரர்கள் ஆடிய பேஸ்பால் மட்டைகளை அளந்து, நிறுத்து, அசலா போலியா என்று எழுதிக் கொடுப்பது அவன் தொழில். டேட்டன் நகரில் பன்னிரண்டு வருடமாக இதே மேசை.

"வீட்டுலயே நிறுத்துப் பார்த்துட்டுத்தான் வந்திருக்கீங்க போல."

"எப்பவோ பார்த்தது. தபால் ஆபீஸ் தராசுல."

எழுபதைத் தாண்டிய டோரீன், கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அது பழைய பேஸ்பால் ஆட்டக்காரர் கஸ் ஹாவ்லிக் ஆடிய மட்டை. ஓய்வு பெற்ற அன்று, மைதானத்தில் சலவை வேலை பார்த்த டோரீனின் அப்பாவுக்கு ஹாவ்லிக்கே கொடுத்தது. அப்பாவுக்குப் பிறகு தம்பி ரஸ்ஸிடம் இருந்தது. போன வாரம் பார்சலில் டோரீனுக்கு வந்து சேர்ந்திருந்தது, சீட்டு எதுவும் இல்லாமல்.

லோவெல், மட்டை செய்த தொழிற்சாலையின் பழைய ஆர்டர் பதிவைத் திரையில் எடுத்தான். ஹாவ்லிக் கடைசியாகக் கேட்டு வாங்கியவை எல்லாம் முப்பத்தைந்து அங்குலம், முப்பத்துநான்கு அவுன்ஸ். அளவு நாடாவை வைத்துப் பார்த்தான். நீளம் இம்மி பிசகாமல் இருந்தது.

"எடையில ஒரு அவுன்ஸ் குறையுதும்மா."

இதைக் கேட்டால் வந்தவர்கள் முகம் சுண்டிப்போகும். சிலர் சண்டைக்கே வருவார்கள். டோரீனோ நீளமாக மூச்சுவிட்டு, முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்தார்.

"எனக்குத் தெரியும். மாத்தி வச்ச மட்டைதானே? அப்படியே எழுதிக் குடுத்துடு. நான் கிளம்பறேன்."

"இருங்கம்மா, மட்டை எங்கேயும் ஓடிடாது. போன வாரம் ஒருத்தர் புது மட்டையை டீயில ஊறவச்சு எடுத்துட்டு வந்தார். வாசனையே காட்டிக் குடுத்துச்சு. அதையே ரெண்டு மணி நேரம் பார்த்துட்டுத்தான் அனுப்பினேன்."

விளக்கைத் தாழ இழுத்து மட்டையைத் திருப்பினான். பந்தின் தையல் பதிந்த தடங்கள் இருந்தன. ஹாவ்லிக் பிடி வழுக்காமலிருக்க சோடா மூடியால் மட்டையைக் கீறிக்கொள்வார். கைப்பிடியில் அந்தக் கீறல்களும் இருந்தன. பிறகு ஒரு பழைய பத்திரிகைப் படத்தைப் பெரிதாக்கி மட்டைக்குப் பக்கத்தில் வைத்தான்.

படத்தில் ஹாவ்லிக்கின் தோளில் சாய்ந்திருந்த மட்டையில், தொழிற்சாலை முத்திரைக்கு மேலே, மர ரேகை ஒரு சின்னக் கணுவைச் சுற்றி வளைந்து போனது. மேசையில் கிடந்ததிலும் அதே இடம், அதே வளைவு.

"இதுதாம்மா அது. மர ரேகையும் நம்ம கைரேகை மாதிரிதான். இன்னொண்ணுல வராது."

"எடை குறையுதுன்னியே?"

"மரம் காயும்மா. ஐம்பது வருஷம் வீட்டுக்குள்ள, குளிர்காலம் பூரா ஹீட்டர் காத்துல இருந்திருக்கு. குறையாம இருந்திருந்தாத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்."

டோரீன் எழுந்து வந்து படத்தையும் மட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னொரு தடவை நிறுத்துப் பாருப்பா."

நிறுத்தான். முப்பத்துமூன்று.

"யாராவது இதே மாதிரி செஞ்சிருக்க முடியாதா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"முடியாதும்மா. இது அசல். சத்தியமா அசல்."

டோரீன் நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷத்தில் இப்படி உட்கார்ந்துவிடுபவர்களை லோவெல் பார்த்திருக்கிறான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சான்றிதழில் கையெழுத்துப் போட்டு நீட்டினான்.

"இவ்வளவு வருஷம் ஒரு கீறல் புதுசா விழாம வச்சிருந்திருக்கார் உங்க தம்பி. முதல்ல அவருக்கு ஒரு போன் போடுங்க."

டோரீன் சான்றிதழை வாங்கவில்லை.

"அந்த ஒரு அவுன்ஸ் குறைஞ்சதை வச்சு, அசலை வித்துட்டு இதை மாத்தி வச்சுட்டான்னு பத்தொன்பது வருஷமா அவனோட பேசலப்பா" என்றார். "போன மாசம் அவனை அடக்கம் பண்ணினாங்க. நான் போகல."