குழவிக்கல்

வைரவன் தச்சுவேலை கற்றுக்கொண்ட வீடியோக்களில் எல்லாம், சொல்லிக்கொடுக்கும் மனிதர் கடைசியில் தான் செய்த ஸ்டூலிலோ கட்டிலிலோ ஏறி உட்கார்ந்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே வைரவன் திரும்பத் திரும்பப் பார்ப்பான். மாமியார் வீட்டுச் சீராக வரவேண்டிய தொட்டிலை வேண்டாமென்று சொல்லிவிட்டு, அப்படிப் பார்த்துப் பார்த்தே தேக்கில் ஒன்றைச் செய்து முடித்திருந்தான். அதில் மட்டும் ஏறி உட்கார்ந்து பார்க்க முடியவில்லை.

பெயர் சூட்டும் அன்று, பிள்ளை கல்லைப்போலக் கெட்டியாக இருக்கவேண்டுமென்று முதலில் அம்மிக்குழவிக்குப் பட்டுத்துணி சுற்றி, பொட்டு வைத்துத் தொட்டிலில் கிடத்தினார்கள். தாலாட்டு தொடங்கியது. ஆட்டி நிறுத்தப்போகும் சமயத்தில், கால்மாட்டுப் பக்கம் 'சடக்' என்று ஒரு சத்தம். பாட்டுச் சத்தத்தில் அது வேறு யார் காதிலும் விழவில்லை. பசை காய்வதைப் பற்றி அந்த மனிதர் நீட்டி முழக்கிய இடத்தை வேகமாக ஓட்டிவிட்டது அவனுக்கு ஞாபகம் வந்தது.

"அத்தே..." என்றான்.

"கல்லையே தாங்கிடுச்சு, என் பேத்தி எம்மாத்திரம்? எங்க மாப்பிள்ளை கையால செஞ்சதாக்கும்!" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லியபடியே மாமியார் குழவியை எடுத்துவிட்டுக் குழந்தையைக் கிடத்தினாள்.

வைரவன் சட்டென்று குத்தவைத்து உட்கார்ந்து, தொட்டிலுக்கு அடியில் கையைக் கொடுத்தான். பலகை அவன் உள்ளங்கையில் மெல்ல இறங்கியது.

"மச்சான், கைய எடுங்க, போட்டோல விழுது" என்றான் மைத்துனன்.

எல்லோரும் சிரித்தார்கள். வைரவன் இன்னொரு கையையும் அடியில் கொடுத்தான்.