மூலையில் வந்து நிற்கும் விளம்பரம்

"ஒரு விளம்பரத்தை மூடத் தெரியாத மனுஷன்கிட்டயா நம்ம பிள்ளைங்க இயற்பியல் படிக்குது?"

ஸர்க்கா நகரில் ஒரு டியூஷன் சென்டரின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் யஸனின் அப்பா அபு யஸன் இப்படிப் போட்டதுதான் தாமதம், ஆளாளுக்கு ஒத்து ஊத ஆரம்பித்துவிட்டார்கள்.

விஷயம் இதுதான். இயற்பியல் ஆசிரியர் உஸ்தாத் ஷௌகத் கணக்கைத் திரையில் படிப்படியாகப் போட்டுக் காட்டுவார். பசங்கள் பார்த்து எழுதுவார்கள். திடீரென்று அவருடைய ஓசி ஆன்ட்டிவைரஸ், சிவப்புக் கேடயத்தோடு மூலையில் வந்து நிற்கும். உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது, இன்றே பணம் கட்டுங்கள், பாதி விலை என்று கூவும்.

உஸ்தாத் கண்ணாடியைத் துடைப்பார். மவுஸை உருட்டுவார். அந்தக் கம்பெனிக்காரனின் ஏழு தலைமுறையையும் இழுப்பார். பசங்கள் சிரிப்பார்கள். அதற்குள் நிமிஷங்கள் ஓடிவிடும். ஒவ்வொரு வகுப்பிலும் இந்தக் கூத்து தவறாமல் நடந்தது.

பள்ளி இறுதி தவ்ஜிஹி பரீட்சையோ அடுத்த மாதம். இயற்பியலில் மார்க் குறைந்தால் யஸனுக்கு இன்ஜினீயரிங் கிடையாது. அபு யஸனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? அவர் வங்கியில் கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் வேறு. தானே போய்ச் சரிசெய்வதாகவும், உஸ்தாத் முரண்டு பிடித்தால் எல்லோரும் சேர்ந்து பிள்ளைகளை வேறு சென்டருக்கு மாற்றிவிடலாம் என்றும் எழுதினார். குழு மொத்தமும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியது.

மறுநாள் வகுப்பு விட்டு, பசங்கள் போனதும் அபு யஸன் உள்ளே நுழைந்தார். உஸ்தாத் டீ ஊற்றிக் கொடுத்தார்.

ஓசி என்றால் மட்டமில்லை, எடுக்கத் தெரிந்து எடுக்கணும் என்று அபு யஸன் பாடம் நடத்தினார். கம்ப்யூட்டரோடு வருகிற பாதுகாப்பே பாதிப் பேருக்குப் போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று போடணும். இரண்டு போட்டால் ஒரே அடுப்படியில் இரண்டு சக்களத்திகள் மாதிரிதான். போடும்போது கண்ணை மூடிக்கொண்டு 'அடுத்து, அடுத்து' என்று தட்டக்கூடாது. போட்ட கையோடு செட்டிங்ஸில் போய் சலுகை அறிவிப்பை அணைத்துவிடணும்.

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும், அபு யஸன். டீ ஆறுது பாருங்க."

அபு யஸன் கேட்கிற ஆளா? லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். செட்டிங்ஸைத் திறந்தார். சலுகை அறிவிப்பு ஏற்கெனவே அணைந்திருந்தது. பாடம் நடக்கும்போது எதுவும் குறுக்கே வராதபடி செய்யும் வசதியும் போட்டே இருந்தது. அபு யஸனே உட்கார்ந்து செய்திருந்தாலும் இதைவிடச் சுத்தமாகச் செய்திருக்க முடியாது.

"இதுல விளம்பரம் வர வழியே இல்லையே உஸ்தாத்?"

உஸ்தாத் ஒரு பொத்தானைத் தட்டினார். சிவப்புக் கேடயம் மூலையில் வந்து நின்றது. அபு யஸன் அதை மூடப் பார்த்தார். மூடவில்லை. இரண்டு மூன்று தரம் தட்டிய பிறகுதான் அது வெறும் படம் என்று புரிந்தது.

"எப்பவோ நிஜமா வந்தப்ப படம் புடிச்சு வச்சுக்கிட்டேன்."

"எதுக்கு?"

"வகுப்புல ஒரு பையன். கெட்டிக்காரன். ஆனா எழுதக் கை ஓடாது. ஒவ்வொரு எழுத்துக்கும் நிமிர்ந்து பார்த்துத்தான் எழுதுவான். அவனுக்காக நான் நிறுத்தினா எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்ப்பாங்க. விளம்பரத்தோட மல்லுக்கட்டினா என்னைத்தானே பார்ப்பாங்க?"

"அச்சடிச்சுக் குடுத்துடலாமே."

"குடுத்தேன். உனக்கு மட்டும் என்ன தனியான்னு பக்கத்துல இருந்தவன் கேட்டுட்டான். மறுநாள் இவன் வரவே இல்லை."

அபு யஸனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஒருத்தனுக்காக அத்தனை பேரும் காத்துக் கிடக்கணுமா? என் பையன் மாதிரி ஓடுறவன் ஏன் நிக்கணும்? அவன் யாருன்னு சொல்லுங்க, அவங்க அப்பன்கிட்ட நானே பேசிக்கிறேன்."

உஸ்தாத் டீயை எடுத்துக் குடித்தார்.

"சொல்லலைன்னா இதை அப்படியே குழுவுல போட்டுடுவேன். உங்க வகுப்பு காலியாயிடும்."

"ஆனா ஆகட்டும்," என்றார் உஸ்தாத். "அவன் வீட்டுக்குக்கூடத் தெரியாம மறைச்சு வச்சிருக்கான். என் வாயால வராது."

அபு யஸன் விருட்டென்று எழுந்து வந்துவிட்டார்.

வீட்டில் யஸன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அபு யஸன் எதிரில் உட்கார்ந்து தன் தட்டை இழுத்துக்கொண்டார்.

"நாளையிலேருந்து அந்தச் சனியன் புடிச்ச விளம்பரம் வராதுடா. பாபா அதுக்கு முடிவு கட்டப்போறேன்."

யஸனின் கை தட்டிலேயே நின்றது.

"வேண்டாம் பாபா."

"என்னடா வேண்டாம்?"

அவன் நிமிரவில்லை. "அது வர்றப்பதான் பாபா, நான் விட்டதையெல்லாம் எழுதி முடிப்பேன்."

அபு யஸன் மகனின் மார்க்கை வரி வரியாகப் பார்த்திருக்கிறார். அவன் எழுதும்போது ஒரு நாளும் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. எழுந்து போய் மகனின் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தார்.

போன் சிணுங்கியது. என்ன ஆச்சு, ஒழித்தீர்களா இல்லை வேறு சென்டர் பார்க்கட்டுமா என்று குழு மொத்தமும் கேட்டுக் காத்திருந்தது.

வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் நிதானமாக எழுதி அனுப்பினார்.

"தெரிஞ்ச வித்தையெல்லாம் காட்டிப் பார்த்துட்டேன். அந்த விளம்பரத்தை என்னாலேயே நிறுத்த முடியலை. பாவம், உஸ்தாத் என்ன பண்ணுவார்?"